நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்

எங்கள் பாடசாலையில் இருந்த ஒரே நுணுக்குக்காட்டிக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. ஹட்டன் பக்கத்து ஈரத்துக்குக் கண்ணாடி என்ன, சுவரில் மாட்டிய கலண்டர்கூட மூன்றாம் மாதமே கறுப்புப் புள்ளி போட்டுவிடும். ஆனால் என் மகள் அந்தக் கருவியில் பார்க்க வேண்டியிருந்ததும் பூஞ்சைதான். தேயிலைக் கொழுந்தில் வருகிற கொப்புள நோய். கண்ணை வைத்துப் பார்த்தால் இலையில் இருக்கிற பூஞ்சை எது, கண்ணாடியில் இருக்கிற பூஞ்சை எது என்று பிரிக்க முடியவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு என்று நினைக்கிறேன். அவள் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். நான் அதே பாடசாலையில் தமிழ் படிப்பித்தேன். நுவரெலியாவில் நடக்கவிருந்த மாவட்ட விஞ்ஞானக் கண்காட்சிக்கு எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து அவள் ஒருத்திதான் தெரிவாகியிருந்தாள். கருவியை நாங்களே கொண்டுபோக வேண்டும். கருவி இல்லாதவர்கள் மட்டையில் படம் வரைந்து கொண்டுவரலாம் என்று சுற்றறிக்கையில் இருந்தது.

"மட்டையத் தூக்கிக்கிட்டுப் போறதுன்னா நான் போகவே மாட்டேன்" என்றாள் மகள்.

சொன்னால் சொன்னதுதான். அதில் அவள் அப்பாவைப் போல. கண்காட்சிக்கு ஐந்து வாரம் இருந்தது. கொழும்பில் புதுக் கருவியின் விலையை விசாரித்துவிட்டு நான் போனை மெதுவாக வைத்தேன்.

பழைய பொருட்களை ஏலம் விடுகிற இணையத்தளம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர். கடைக்கார அக்கா மேசைமேல் ஓர் அலாரம் மணிக்கூட்டை வைத்து அரைமணிக்கு ஒருதரம் அடிக்க விடுவார். அங்கே ஒரு பக்கம் திறப்பது திரைச்சீலையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது போல. முதலில் தலைப்பு வரும். பிறகு படத்தின் மேல்பாதி வரும். கீழ்ப்பாதி வருவதற்குள் மணி அடித்துவிடும்.

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நுணுக்குக்காட்டி, தேக்குப் பெட்டி, மிக நல்ல நிலை. படத்தில் பளபளவென்று ஒரு கருவி நின்றது. பக்கத்தில் பித்தளைப் பூட்டுப் போட்ட பெட்டி. மகள் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

பெயர் பதியச் சொன்னார்கள். நம்பிக்கையாக இருக்கட்டும் என்று 'ஹட்டன் டீச்சர்' என்று பதிந்தேன்.

ஏலம் முடிகிற சனிக்கிழமை மாலை எங்களோடு மல்லுக்கு நின்றது 'கொத்மலை 52' என்கிற பெயர். நாங்கள் நூறு ரூபா கூட்டினால் அது ஐம்பது ரூபா கூட்டியது. நாங்கள் ஐம்பது கூட்டினால் அதுவும் ஐம்பது கூட்டியது. கடைக்கார அக்கா மணிக்கூட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து பின்னால் நின்றார்.

"விடாதீங்க டீச்சர். அவன் மூச்சு வாங்குறான், பாருங்க."

"எப்பிடிக்கா தெரியும்?" என்று மகள் கேட்டாள்.

"ஐம்பது ஐம்பதா ஏத்துறவன் கையில வேற சல்லி இருக்காது."

என் அரை மாதச் சம்பளத்தில் வந்து நின்றபோது கொத்மலை ஓய்ந்தது. அக்கா எங்களுக்குப் பால் விடாத பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார். வங்கியில் பணம் கட்டிய மறுநாள் விற்பனையாளனே போன் எடுத்தான். தேன் போலக் குரல்.

"மேடம், பணம் கெடச்சிருச்சு. இப்ப நீங்க சைட்ல போயி ஒரு பீட்பேக் போட்டீங்கன்னா, நான் ஒடனே பார்சல அனுப்பிருவேன். சிஸ்டம் அப்பிடித்தான்."

இதைப் படிக்கிற யாருக்கும் இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அரிசி, மா கொடுக்கிற நாளில் அம்மா முதலில் புத்தகத்தில் பெருவிரலை வைப்பார். பிறகுதான் வரிசையில் நின்று வாங்குவார். நான் படித்து ஆசிரியையான பிறகு விரல் போய்ப் பேனா வந்தது. மற்றபடி எல்லாம் அப்படியேதான். பாடநூல் நாற்பது கட்டு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டால் முப்பத்தாறு கட்டு வரும். மீதி அடுத்த கிழமை என்பார்கள். சீருடைத் துணி, வெண்கட்டி, கதிரை, பயிற்சிக் கொடுப்பனவு என எதுவானாலும் கையெழுத்துத்தான் முதலில். எங்கள் பக்கத்தில் கையெழுத்து என்பது பொருள் வரட்டும் என்று கேட்டுப் போடுகிற விண்ணப்பம். போடாதவருக்கு எதுவும் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே கடைக்குப் போய் ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தினேன். இருபது வருடமாகப் படிவங்களில் எழுதிய வாசகத்தை அகராதி பார்க்காமலே ஆங்கிலத்தில் எழுதினேன். மேற்படி பொருளை முழுமையாகவும் மிக நல்ல நிலையிலும் பெற்றுக்கொண்டேன். பூரண திருப்தி.

மகள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். "அம்மா, இன்னும் வரவே இல்லையே?"

"கையெழுத்துப் போட்டாத்தானே வரும்" என்றேன். பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். அது இப்போதும் என் காதில் கேட்கிறது.

பார்சல் பத்து நாளில் வந்தது. தபால் கந்தோரில் அதற்கும் திறக்காமலே கையெழுத்துப் போட்டேன். வீட்டில் என் கணவர் அதைத் தூக்கிப் பார்த்தார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். எதையும் கையில் தூக்கியே எடை சொல்லிவிடுவார்.

"லேசா இருக்கே" என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அலுமினியமா இருக்கும்" என்றார்.

மேலே பத்திரிகைத் தாள். உள்ளே பெட்டி. பெட்டிக்குள் பத்திரிகைத் தாள். மகள் ஒவ்வொரு தாளாக எடுத்து, விரித்து, உதறி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கடைசித் தாளையும் எடுத்த பிறகு பெட்டியின் அடி தெரிந்தது. அவள் கையை உள்ளே விட்டு நாலு மூலையையும் தடவினாள். பூட்டு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் இருந்தன. என் கணவர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். மாவு போலத் தூள் கொட்டியது.

"உளுத்துப் போயிருக்கு" என்றார்.

"மெஷின் தனியா வரும்போல" என்றேன்.

அன்றே விற்பனையாளருக்குப் போன் எடுத்தேன். அதே தேன்.

"மேடம், முழுமையா, ரொம்ப நல்ல நெலமையில கெடச்சதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? நான் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்."

"அது வர்றதுக்கு முன்ன எழுதினதுங்க."

"வர்றதுக்கு முன்ன வந்துருச்சுன்னு எழுதுவாங்களா மேடம்? இப்ப வரலைன்னு சொன்னீங்கன்னா பொய் முறைப்பாடு ஆயிரும். நீங்க டீச்சர் வேற."

அந்த 'டீச்சர் வேற' என்னை விழுத்திவிட்டது. நான் சாதாரணமாகவே பயந்தவள். மகள் பஸ்ஸில் பத்து நிமிடம் பிந்தினால் பஸ் கவிழ்கிற கினிகத்தேனை வளைவு வரைக்கும் மனதால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள். இப்போது விசாரணைக் கடிதம் வந்தது, வேலை போனது, பென்ஷன் போனது. மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தாயார் பொய்ச் சான்று எழுதியவரா என்று ஒரு கேள்விகூட வந்தது. எல்லாம் என் தலைக்குள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கடைக்குப் போய் அந்தப் பக்கத்தை முழுவதும் இறங்க விட்டோம். ஒன்றரை மணித்தியாலம் ஆனது. ஆகக் கீழே, எறும்பு எழுத்தில், படத்தில் உள்ள கருவி பெட்டியின் அளவைக் காட்டுவதற்கு மட்டுமே என்று இருந்தது.

வாங்கியவரைப் பற்றி விற்றவரும் எழுதலாமாம். அவன் எனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தான். அருமையான வாடிக்கையாளர், பூரண நம்பிக்கை வைப்பவர், கேள்வி கேட்பதில்லை, எல்லா விற்பனையாளர்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வேறு நான்கு விற்பனையாளர்கள் எனக்குத் தனிமடல் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் பியானோ ஒன்று இருப்பதாகவும், படத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்.

கடைக்கார அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சர், ஒங்களுக்குத்தான் இப்ப ஊரெல்லாம் மவுசு."

மகள் சிரிக்கவில்லை. அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே விற்பனையாளன் அதே படத்தைப் போட்டு இன்னொரு பெட்டியை ஏலத்துக்கு விட்டிருந்தான். கேட்டிருந்த ஒரே ஆள் கொத்மலை 52.

"அது அவனோட கூட்டாளி" என்றேன். "போன தடவை வெலைய ஏத்திவிட்டதே அந்த ஆள்தானே?"

"கூட்டாளி இல்லாட்டி?"

"அப்பிடித்தான் இருக்கும்."

"அம்மா, இவன் பேருக்குக் கீழ மொத்தமே ஒரே ஒரு பீட்பேக்தான் இருக்கு. அதப் படிச்சுட்டுத்தான் கேக்குறாங்க."

ஒரே ஒரு பீட்பேக். ஐந்து நட்சத்திரம். ஹட்டன் டீச்சர். அவன் கடைக்குப் பெயர்ப்பலகை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தேன் நான்.

மகள் வீட்டுக்கு வந்து ஒரு மட்டையை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட ஆரம்பித்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒருதரம் எழுதிய பின்னூட்டத்தை அழிக்க முடியாது. ஆனால் அதன் கீழே ஒரேயொரு தடவை ஒரு தொடர்குறிப்புச் சேர்க்கலாம், எண்பது எழுத்துக்குள். அதை எழுதப்போகிறேன் என்றபோது என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒன் கையெழுத்த நீயே பொய்னு எழுதப் போறியா? நாளைக்கு எவனாச்சும் ஒன் பள்ளிக்கூடத்துல நீ கையெழுத்துப் போட்ட பாரத்தையெல்லாம் எடுத்து வச்சு, இதுல எது மெய்னு கேட்டா?"

அவர் கேட்டதுதான் என் பயமும். நாற்பது கட்டுப் புத்தகம், நூறு கதிரை, இரண்டு அலுமாரி. அலுமாரி இன்றுவரை வரவில்லை.

"கேட்டா அதையும் சொல்ல வேண்டியதுதான்" என்றேன். சொல்லிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

எண்பது எழுத்து என்றால் என்னவென்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. பணிவுடன் அறியத்தருவது யாதெனில் என்பதை ஆங்கிலத்தில் எழுதியதிலேயே பாதி தீர்ந்துவிட்டது. மகள் மட்டையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பணிவு வேணாம்மா. வெட்டுங்க."

"அது இல்லாம எப்பிடி எழுதுறது?"

"நீங்க கட்டுரைக்கு எங்ககிட்ட சொல்லுவீங்கள்ல, அப்பிடி."

பணிவு போனது. எதிர்பாராத விதமாக என்பது போனது. என் மீது மட்டும் தவறில்லை என்று ஒரு வரி வைத்திருந்தேன், அதை நானே வெட்டினேன். மிஞ்சியது இவ்வளவுதான்: வரும் முன்பே எழுதினேன். வந்தது வெறும் பெட்டி. பூட்டில்லை. அடி உளுத்தது. ஆங்கில எழுத்துகளை விரல்விட்டு மூன்று தடவை எண்ணினோம். எழுபத்தெட்டு. மறுநாள் கடையில் அதைத் தட்டெழுதி அழுத்தும்வரை அக்கா மணிக்கூட்டை நிறுத்தி வைத்திருந்தார்.

இரண்டு நாளில் அந்தத் தளத்தின் வழியே ஒரு மடல் வந்திருந்தது. கொத்மலை 52. ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும். கூட்டாளிதான், மிரட்டத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். கணவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அந்த இலக்கத்துக்கு எடுத்தேன்.

"நான் கொத்மலையில விஞ்ஞானம் படிப்பிக்கிற மாஸ்டர் கதைக்கிறன்" என்றது யாழ்ப்பாணத்துக் குரல். "ஹட்டன் டீச்சர் நீங்கள்தானே?"

"ஆமாங்க சேர். நீங்களும் மெஷின்னு நெனச்சுத்தான் கேட்டீங்களா?"

"இல்லை இல்லை. நான் கேட்டதே பெட்டியைத்தான்."

எனக்கு விளங்கவில்லை.

"கீழ எழுதியிருந்ததே, கருவி அளவுக்கு மட்டும் எண்டு. நீங்கள் வாசிக்கேல்லையோ?"

"எங்களுக்குக் கீழ்ப்பக்கம் வரலைங்க சேர். மணி அடிச்சிருச்சு."

அந்தப் பக்கம் ஒரு செருமல். சிரிப்பை அடக்குகிற செருமல் என்று பிறகு தெரிந்தது.

"நான் ஏத்தினதே கூடிப்போச்சு, அதுக்கு மேலயும் ஒரு வெறும் பெட்டிக்கு விலை குடுக்கிற மனுசர் ஆர் எண்டு நான் ரெண்டு நாள் யோசிச்சனான், டீச்சர். பெட்டி சேர்க்கிற ஆக்கள் எண்டு நினைச்சன். மிக நல்ல நிலை எண்டு நீங்கள் எழுதினதைப் பாத்துத்தான் இந்த முறை எவ்வளவு எண்டாலும் விடுறேல்லை எண்டு இருந்தனான். நல்லகாலம், நேற்று அதுக்குக் கீழ நீங்கள் எழுதினதையும் கண்டன்."

அவர் பாடசாலை நுணுக்குக்காட்டியின் பெட்டியைக் கறையான் தின்றுவிட்டதாம். கருவி ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறதாம்.

நான் கேட்டேன். "கண்ணாடியில பூஞ்சை இருக்குங்களா சேர்?"

"ஈரம் உறிஞ்ச வறுத்த அரிசி போட்டெல்லோ வைச்சிருக்கிறன். ஒரு பொட்டும் இல்லை."

மகள் படிப்பதை, கண்காட்சியை, மட்டையை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மனிதர் குறுக்கே பேசவில்லை. அதிபரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். சனிக்கிழமை பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பத்திரண்டு என்பது அவர் பிறந்த வருடம். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் டின்னைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். இது என்ன என்று கேட்டதற்கு விளக்கம் சொல்லாமல், மாஸ்டர் ஒரு தலைமுடியை வைத்துக் காட்டினாராம். அதற்குப் பிறகு முழு பஸ்ஸும் இறங்கி வரிசையில் நின்று பார்த்ததால் வர முக்கால் மணித்தியாலம் பிந்திவிட்டது.

எங்கள் பெட்டியைப் பார்க்க ஆசைப்பட்டார். கருவியை உள்ளே வைத்தால் மூடி இரண்டு விரல் அளவு மூட மறுத்தது. கவிழ்த்தார், தட்டினார், நகத்தால் சுரண்டினார்.

"இது தேக்கில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில சாயம் அடிச்சிருக்கிறான்."

சாயத்துக்குக் கீழே பாதி எழுத்தும் ஓர் இலக்கமும் தெரிந்தன. இருபத்தைந்து வருடமாகத் தேயிலைப் பெட்டி தட்டிய என் கணவர் எழுந்து போய் முற்றத்தில் நின்று மழை வருமா என்று பார்த்தார்.

"ரெண்டு கிழமைக்கு வைச்சிருங்கோ" என்றார் மாஸ்டர். "அதிபருக்குக் காட்ட ஒரு கடதாசியில மட்டும் எழுதித் தாங்கோ, பெற்றுக்கொண்டன் எண்டு."

பேனாவை எடுத்துவிட்டேன். 'மேற்படி' வரைக்கும் எழுதியும்விட்டேன். எதிரே மகள் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை மூடினேன். "ஒரு நிமிசம் சேர்" என்று சொல்லிவிட்டுக் கருவியை மேசையில் வைத்தோம். வில்லைகளை எண்ணினோம், மூன்று. ஒளி காட்டும் கண்ணாடி ஒன்று. திருகாணிகளைத் திருகிப் பார்த்தோம். மகள் ஓடிப்போய் வீட்டுக்குப் பின்னாலிருந்த தேயிலை மலையில் நோய் கண்ட கொழுந்து ஒன்றைக் கிள்ளி வந்து, சீவி வைத்துக் கண்ணைப் பொருத்தினாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுதும்மா. இது எலையில இருக்கிறது மட்டுந்தான்."

அதற்குப் பிறகுதான் எழுதினேன். பக்கத்துத் திருகாணி ஒன்று இறுக்கம் என்பதையும் எழுதினேன். மாஸ்டர் அதை இரண்டு தடவை வாசித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தார். கோபிப்பார் என்று பயந்திருந்தேன். "திருகாணி இறுக்கம்தான். நான் சொல்ல மறந்திட்டன்" என்றார். பெட்டியையும் அவரே கொண்டுபோனார். மூடியை உயர்த்திக்கொள்ளலாம் என்றார்.

அந்த விற்பனையாளன் அடுத்த மாதம் வேறு பெயரில், அதே படத்தோடு வந்தான். அந்தப் பெயருக்கும் ஒரு குறிப்பு எழுத வழி இருக்கிறதா என்று தேடினேன். வாங்கினால்தான் எழுதலாமாம்.

கண்காட்சியில் மகளுக்கு மூன்றாம் இடம். அவள் மேசையில் வரிசை குறையவே இல்லை. மதியம் எல்லாரும் போனபின் அவள் தனக்கென்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டிருந்ததை நான் தூரத்திலிருந்து கண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் பொறுப்பாசிரியர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். மேசையில் இருந்த உத்தியோகத்தர் பட்டியலை என் பக்கம் தள்ளினார்.

"டீச்சர், மொதல்ல சைன்."

என் கை பேனாவுக்குப் போனது, திரும்பி வந்தது. இப்போதும், பத்திரம் ஒன்றை யாராவது என் பக்கம் தள்ளினால் அப்படித்தான் போய் வரும்.

"மொதல்ல பார்சலத் தாங்க சேர்" என்றேன்.

வரிசை முழுக்கக் காத்திருக்க, மேசையிலேயே பார்சலை அவிழ்த்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். பட்டியலில் முட்டை என்று இருந்தது.

"முட்டை இல்லைங்களே."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த சட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு நீளப் பலகை வாங்கில் உட்கார்ந்திருந்த இருபது ஆசிரியர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மண்டபம் முழுவதும் பார்சல் அவிழ்க்கிற சரசரப்புக் கேட்டது.